ஒரே ஹம்பக்கரில் எத்தனை குரல் எடுக்கலாம்?

கேள்வி: பிப்ரவரி 4, காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர்

அண்ணா, என்னிடம் இருப்பது இரண்டு ஹம்பக்கர் (தந்தியின் அதிர்வை மின் ஒலியாக்கும் பிக்கப்பில் ஒரு வகை) வைத்த சாதாரண விலை கிட்டார். திருவிழாக் கச்சேரிகளில் வாசிக்கிறேன். ஒரு பாட்டுக்கு மணி அடித்தாற்போல் தெளிந்த ஒலி வேண்டும், அடுத்த பாட்டுக்கே கனத்த ஒலி வேண்டும். இந்தக் கிட்டாரிலோ எதை வாசித்தாலும் ஒரே தொண்டைதான். மலிவான பிக்கப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல ஜோடியாக வாங்கு, வேறு வழியில்லை என்கிறார்கள். பெங்களூரில் விசாரித்தேன். கிட்டார் வாங்கிய விலையையே சொல்கிறார்கள். வாங்கிவிடட்டுமா?

பிப்ரவரி 4, இரவு

வாங்க வேண்டாம் தம்பி. ஒரு மாதம் பொறுங்கள். உங்கள் கிட்டாரில் ஏற்கனவே நான்கு காயில்கள் (கம்பிச் சுருள்கள்) இருக்கின்றன. அவற்றை நீங்கள் இன்னும் தனித்தனியாகக் கேட்கவே இல்லை.

ஹம்பக்கர் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று, உள்ளே இரண்டு காயில். ஒன்றின் காந்தம் வடக்கு, மற்றதன் காந்தம் தெற்கு. சுற்றின் திசையும் எதிரெதிர். காற்றில் வரும் மின் இரைச்சலுக்குக் காந்தம் ஒரு பொருட்டில்லை, அதனால் அது இரண்டு காயிலிலும் எதிரெதிராக ஏறி ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. தந்தியின் அதிர்வு காந்தத்தின் வழியாக வருவதால் இரண்டிலும் ஒரே பக்கமாகக் கூடுகிறது. கிப்ஸன் நிறுவனத்தில் வேலை பார்த்த செத் லவர் இதற்கு 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959இல் கிடைத்தது. எழுபது ஆண்டாகியும் அந்த அமைப்பு அப்படியே நிற்கிறது.

மலிவு கிட்டாரில் இரண்டு காயிலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, அந்தச் சேர்க்கையை டேப்புக்குள் புதைத்து, ஒற்றை வயராக வெளியே விட்டிருப்பார்கள். ஒரே தொண்டை என்று நீங்கள் சொல்வது இதைத்தான். புதைந்த சேர்க்கையை வெளியே கொண்டுவந்தால் ஒரு பிக்கப் மூன்று விதமாகப் பேசும். இரண்டும் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இருந்தால் இப்போது கேட்கும் கனம். ஒரு காயில் மட்டும் என்றால் மெலிந்த, பளிச்சென்ற ஒலி. இரண்டும் பேரலலில், அதாவது பக்கம் பக்கமாக, என்றால் தெளிவும் காற்றோட்டமும் உண்டு, ஆனால் ஓசை ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

தனிக் காயிலைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆறு கால் உள்ள சின்ன சுவிட்ச் ஒன்று போதும்.

பிப்ரவரி 4, இன்னும் சற்று நேரம் கழித்து

எழுத மறந்தேன். எதையும் கழற்றும் முன் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பிக்கப்பின் இரு பக்கத் திருகுகளையும் தளர்த்திப் பாருங்கள். கிட்டார்க் கழுத்தின் கடைசிக் கட்டத்தில் (ஃப்ரெட்) தந்தியை அழுத்திப் பிடித்தால் பிக்கப்புக்கும் தந்திக்கும் நடுவே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பல கிட்டார்களில் பிக்கப் தந்தியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சத்தம் பெரிதாகக் கேட்கும், குரல் சுருங்கிவிடும். அரை மில்லிமீட்டர் இறக்கினாலே பாதிப் புகார் தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். காசு செலவில்லை.

பிப்ரவரி 5

அளவுகள் கேட்டு இருவர் எழுதியிருக்கிறார்கள். என் கிட்டாரில் மல்டிமீட்டர் காட்டியது: சீரிஸில் 8.1 கே (கிலோ ஓம் தடை), ஒரு காயில் 4.0, மற்றது 4.1, பேரலலில் 2.0. உங்கள் எண் கொஞ்சம் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம்.

பிப்ரவரி 9

இன்று பிக்கப்பைத் திறப்பதைப் பற்றி. இதை விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் முதல் முறை நான் ஒன்றைக் கெடுத்தேன்.

பிக்கப்பைச் சுற்றியிருக்கும் கறுப்புத் துணி டேப்பை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, கால் அங்குலம் கால் அங்குலமாக உரிக்க வேண்டும். நான் அன்று பிளேடால் கீறி இழுத்தேன். டேப்போடு ஒரு பழுப்பு நூலும் வந்தது. நூல் என்று நினைத்தேன். அது காயிலின் முனை.

அந்தக் கம்பியின் தடிமன் சுமார் 0.063 மில்லிமீட்டர். தலைமுடி அளவு. அதற்குமேல் எனாமல் பூச்சு வேறு. ஒரு காயிலில் இதை ஐந்தாயிரம் சுற்று அளவுக்குச் சுற்றியிருப்பார்கள். மீட்டரை வைத்தேன். எண்ணே வரவில்லை.

பென்னாகரம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றுக்கு எடுத்துப்போனேன். எங்கள் பக்கம் போர்வெல் மோட்டார் எரியாத கோடை கிடையாது, அதனால் காயில் கட்டுபவருக்கு வேலை ஓய்வதில்லை. அன்றும் வாசலில் மூன்று மோட்டார்கள் வாய் பிளந்து கிடந்தன. பெரியவர் பிக்கப்பை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது கம்பியா, சிலந்தி நூலா?"

தன்னிடம் இருந்ததிலேயே மெல்லியதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மின்விசிறிக்குச் சுற்றும் 36ஆம் நம்பர். என் கம்பிக்குப் பக்கத்தில் அது கயிறு போல இருந்தது, மும்மடங்கு தடிமன். புதிதாகச் சுற்றித் தர முடியாது, ஆனால் அறுந்தது எந்த முனை என்று பார்க்கலாம் என்றார்.

அங்கேதான் நான் பிழைத்தேன். காயிலுக்கு இரண்டு முனை: உள்ளே தொடங்கும் முனை, வெளியே முடியும் முனை. உள்முனை அடியோடு அறுந்தால் அந்தக் காயில் போனதுதான். என்னுடையது வெளிமுனை. பெரியவர் ஊசியால் ஒரு சுற்றைக் கிளப்பி, கால் திருப்பு அவிழ்த்து, முனையைச் சூடான ஈயத் துளிக்குள் இரண்டு விநாடி நனைத்து எடுத்தார். எனாமல் பொசுங்கி மெல்லிய புகை வந்தது, முனை வெள்ளியாக மின்னியது. அந்த முனையைத் தடித்த வயரில் மூன்று சுற்றுச் சுற்றி ஒரு பொட்டு ஈயம். மீட்டர் 4.0 காட்டியது. எனக்கு மூச்சு வந்தது.

சில பழைய பிக்கப்புகளில் எனாமல் ஈயச் சூட்டுக்கு எரியாது. அதை நுண்ணிய உப்புத்தாளால், இழுக்காமல், நீவ வேண்டும்.

பிப்ரவரி 10

நேற்றுச் சொல்லாமல் விட்டது: நான்கு முனையையும் நான்கு நிற வயரில் வெளியே எடுங்கள். எது எங்கிருந்து வந்தது என்று அப்போதே தாளில் எழுதுங்கள். மறுநாள் நினைவில் இருக்காது.

வாங்கும்போதே நான்கு வயரோடு வரும் பிக்கப் என்றால் திறக்க வேண்டியதில்லை. செய்மூர் டங்கன் தயாரிப்பில் கறுப்பு அவுட்புட், வெள்ளையும் சிவப்பும் சேர்க்கை, பச்சையும் மொட்டைக் கம்பியும் எர்த். டிமார்ஸியோவில் சிவப்பு அவுட்புட், கறுப்பும் வெள்ளையும் சேர்க்கை, பச்சை எர்த். பெயரில்லாத பிக்கப்பில் நிறத்தை நம்பாதீர்கள். மீட்டரை மட்டும் நம்புங்கள்.

பிப்ரவரி 18

பிப்ரவரி 4 அன்று தனிக் காயிலைப் பரிந்துரைத்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நேற்று முன்தினம் பாலக்கோடு பக்கம் ஒரு கோவில் திருவிழா. மேடைக்கு ஜெனரேட்டர் மின்சாரம், நான்கு பக்கமும் சீரியல் விளக்கு, காலடியில் எல்இடி விளக்கு வரிசை. மெல்லிய பாட்டின் தொடக்கத்தில் நான் மட்டும் வாசிக்க வேண்டும். சுவிட்சைத் தனிக் காயிலுக்குத் தள்ளினேன். கிட்டாரை முந்திக்கொண்டு உறுமல் வந்தது. வண்டு கூட்டமாகப் பறப்பது போல. பாடகி திரும்பிப் பார்த்தார். சீரிஸுக்கே போய், டோனைத் திறந்து சமாளித்தேன்.

காரணம் எளிது. தனிக் காயில் என்று வைத்த நொடியில் செத் லவரின் ஏற்பாடு முழுவதும் போய்விடுகிறது. சுத்தமான மின்சாரம் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் 50 ஹெர்ட்ஸ் உறுமலைப் பொறுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் அதோடு நிற்பதில்லை. வீட்டில் மின்சாரம் போய், சதுர அலை இன்வெர்ட்டர் ஏறியதும் அந்த உறுமல் கரகரவென்று பல மடங்கு மேலே எழும். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் விழும் 'டக்' கூட என் ஆம்ப்பில் கேட்கிறது.

பேரலலில் இரண்டு காயிலும் வேலை செய்கின்றன. இரைச்சல் அடிபடுகிறது. மணியொலி கிடைக்கிறது. நேற்று வீட்டில் மெயினை அணைத்து, இன்வெர்ட்டரில் வேண்டுமென்றே உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். தனிக் காயிலுக்கு ஒரு கூர்மை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி மேடைகளில் வாசிப்பவர் ஒரே ஒரு சுவிட்ச் வைப்பதாக இருந்தால் அது சீரிஸ்–பேரலல் சுவிட்ச்சாகத்தான் இருக்க வேண்டும்.

இணைப்பு: முதல் காயிலின் தொடக்கம் அவுட்புட்டில் நிரந்தரம். இரண்டாம் காயிலின் முடிவு எர்த்தில் நிரந்தரம். சுவிட்ச்சின் நடுக்கால் ஒன்றில் முதல் காயிலின் முடிவு, மற்ற நடுக்காலில் இரண்டாம் காயிலின் தொடக்கம். மேல் கால்கள் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுங்கள், அது சீரிஸ். கீழே, முதல் காயில் பக்கத்துக் கால் எர்த்துக்கு, இரண்டாம் காயில் பக்கத்துக் கால் அவுட்புட்டுக்கு. அது பேரலல். முடிந்தது.

பிப்ரவரி 19

தனிக் காயில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு: இரண்டு பிக்கப்பையும் பிரிக்கும்போது ஒன்றில் திருகு உள்ள காயிலையும், மற்றதில் திருகில்லாத காயிலையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே தயாரிப்பாக இருந்தால், நடு நிலையில் இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது உறுமல் அடிபடும். சேர்க்கையை எர்த்தில் நேராக வைக்காமல் நடுவில் 2.2 கே ரெசிஸ்டர் ஒன்று போட்டால் இரண்டாம் காயில் முழுதாகச் சாகாது. ஓசை அவ்வளவாக விழாது, கொஞ்சம் சதையும் மிஞ்சும்.

பிப்ரவரி 19, இரவு

இதை எல்லாவற்றுக்கும் முன்பே எழுதியிருக்க வேண்டும். தந்தியைத் தொட்டால் உறுமல் குறைகிறது, விட்டால் கூடுகிறது என்றால் கிட்டார் சரியாக இருக்கிறது. தந்திகள் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன என்று பொருள். அதே காரணத்தால், ஆம்ப்பின் எர்த் சரியில்லாவிட்டால் அந்த மின்சாரம் உங்கள் விரலுக்குத்தான் வரும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு துளைப் பலகையில் சொருகும் மேடைகளை நம் பக்கம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தந்தியில் டெஸ்டரை வையுங்கள். விளக்கு எரிந்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எர்த் சரியாகும்வரை வாசிக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. கோபித்துக்கொள்ளட்டும்.

மார்ச் 2

ஃபேஸ் சுவிட்ச் பற்றிக் கேட்கிறார்கள். ஒரு பிக்கப்பின் இரு முனையையும் இடம் மாற்றினால், இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்று தள்ள மற்றது இழுக்கும். அடி ஒலி அடிபட்டு, மூக்கால் பேசுவது போன்ற மெல்லிய குரல் வரும். காயில் கடைப் பெரியவருக்கு இதைச் சொன்னபோது அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் காயிலின் முனைகளை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், அதுதானே என்றார். அதேதான்.

ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வைத்திருந்த 1959ஆம் ஆண்டு லெஸ் பால் கிட்டாரில் இந்தக் குரல் உண்டு. அதில் கழுத்துப் பக்கப் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்தது. இணைப்பை மாற்றினாலும் காந்தத்தைத் திருப்பினாலும் பலன் ஒன்றே.

எனக்கு இது அதிகம் பயன்படவில்லை. இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் கண்ட்ரோல் இருந்து, ஒன்றைக் கொஞ்சம் இறக்கினால்தான் அழகு வருகிறது. ஒரே வால்யூம் உள்ள கிட்டாரில் வைத்தால் ஒலி செத்துப்போகிறது. ஒரு துளையை இதற்காகப் போடாதீர்கள்.

மார்ச் 3

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை, உடனே திருத்துகிறேன். உலோக மூடி போட்ட, ஒற்றை வயர் பிக்கப்பில் முனைகளை வெறுமனே மாற்றினால் மூடி அவுட்புட்டோடு சேர்ந்துவிடும். கை பட்டாலே இரையும். மூடியின் எர்த்தை முதலில் காயிலிலிருந்து பிரித்துத் தனி வயராக எடுக்க வேண்டும்.

எந்த முனை எந்தப் பக்கம் என்று தெரியாதவருக்கு: முள் ஓடும் பழைய மீட்டரை மிகக் குறைந்த டிசி அளவில் காயிலோடு சேர்த்து, ஸ்குரூ டிரைவரின் இரும்பைக் காயிலின் மேல் பட்டென்று வையுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். இரண்டு காயிலும் ஒரே பக்கம் துள்ளும்படி முனைகளைக் குறித்துக்கொண்டால் சேர்க்கை தவறாது. எண் காட்டும் மீட்டரில் இதைப் பார்ப்பது கடினம்.

மார்ச் 16

இன்று எழுதுவது இதுவரை எழுதிய எல்லாவற்றையும்விட மலிவானது. ஒருவேளை பெரியதும்.

பிக்கப்புக்கு ஒரு மூக்கு உண்டு. காயிலின் தூண்டமும் (இண்டக்டன்ஸ், ஹென்றியில் அளப்பது), காயிலிலும் கேபிளிலும் உள்ள மின்தேக்கமும் (கெப்பாசிட்டன்ஸ், ஃபாரட்டில் அளப்பது) சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒலியைத் தூக்கிப் பிடிக்கும். எந்த இடத்தில் தூக்குகிறது என்பதைத்தான் நாம் பிக்கப்பின் குணம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாதாரண ஹம்பக்கர் சுமார் 4.5 ஹென்றி. ஆறு மீட்டர் கேபிளையும் சேர்த்து மின்தேக்கம் 700 பிகோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். மூக்கு 2,800 ஹெர்ட்ஸ் அருகில். அதே பிக்கப் பேரலலில் சுமார் 1.1 ஹென்றி, மூக்கு 5,700க்கு ஏறுகிறது. பிப்ரவரி 18 அன்று காதால் கேட்டது இப்போது எண்ணாக நிற்கிறது.

மூக்கைக் கீழே இறக்க வேண்டுமா? அவுட்புட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர். காயில் கடையில் கண்டென்சர் என்பார்கள், பொருள் ஒன்றே. 102 என்று அச்சிட்ட சின்னது ஒரு நானோஃபாரட். சீரிஸில் அதைச் சேர்த்தால் மூக்கு 1,800க்கு வருகிறது. டோன் கண்ட்ரோலைக் குறைப்பது போல மந்தமாவதில்லை. நடு ஒலி மூக்கை நீட்டி முன்னால் வந்து பாடுகிறது. 222 (2.2 நானோஃபாரட்) போட்டால் 1,400க்கு வரும், கரகரப்பு சேர்த்து நீண்ட தனி வாசிப்புக்கு அது ஏற்றது.

ஆறு நிலை சுழல் சுவிட்ச் ஒன்றில் ஒன்றுமில்லாமல் ஒரு நிலை, பிறகு 471, 102, 222, 332, 472 என்று வரிசையாக வைத்தேன். திருப்பும்போது 'பட்' என்று வெடிக்காமலிருக்க ஒவ்வொரு கெப்பாசிட்டரின் குறுக்கிலும் 10 மெகா ரெசிஸ்டர். கெப்பாசிட்டர்கள் பழைய ரேடியோப் பலகைகளிலிருந்து உருவியவை. சுழல் சுவிட்ச்சுக்கு மட்டும் பெங்களூர் எஸ்.பி. ரோடு போக வேண்டியிருந்தது.

கேபிளும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைக் கவனியுங்கள். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். மூன்று மீட்டர் கேபிளிலிருந்து பத்து மீட்டருக்கு மாறினால், நீங்கள் கேட்காமலேயே பிக்கப்பின் குணம் மாறிவிடும். பெரிய மேடையில் என் கிட்டார் மட்டும் ஏன் மங்குகிறது என்று பல வருடம் ஒலிபெருக்கிக்காரரைக் குறை சொன்னேன். அவரிடம் நேரில் சொல்லிவிட்டேன், தவறு என் கேபிளில் என்று.

மார்ச் 17, காவேரிப்பட்டணம் வாசகர்

அண்ணா, வால்யூமைக் குறைத்தால் பளபளப்பும் சேர்ந்து போகிறது. இதுவும் கெப்பாசிட்டர் விஷயமா?

மார்ச் 17

ஆமாம். வால்யூம் கண்ட்ரோலின் உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே ஒரு 102, அதோடு பேரலலில் 150 கே ரெசிஸ்டர். மேல் ஒலி தப்பித்துவிடும். ஹம்பக்கருக்கு 500 கே கண்ட்ரோல்தானா என்றும் பாருங்கள். 250 கே இருந்தால் ஏற்கனவே பாதிப் பளபளப்பைத் தின்றிருக்கும்.

ஏப்ரல் 7

பிப்ரவரி 5 அளவுக்கு ஒரு திருத்தம். நண்பர் ஒருவர் 8.5 கே வருகிறது, காயில் கெட்டதா என்று பதறினார். மதியம் இரண்டு மணிக்கு, ஓட்டு வீட்டில் அளந்திருக்கிறார். தாமிரத்தின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவுக்கு ஏறும். பிப்ரவரி விடியற்காலையில் நான் அளந்த 8.1, ஏப்ரல் மதியத்தில் 8.5 காட்டுவது இயல்புதான். இரண்டு காயிலும் அதே விகிதத்தில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஏப்ரல் 21

காவேரிப்பட்டணம் தம்பி கிட்டாரோடு தர்மபுரிக்கே வந்துவிட்டார். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம், மாலை நான்கு ஆனது. டேப்பை அவரையே உரிக்கச் சொன்னேன். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உரித்தார், ஒரு முனையும் அறவில்லை. சேர்க்கையைக் கண்டதும், "இவ்வளவுதானா அண்ணா?" என்றார். ஒரு கடுகளவு ஈயம். அதைப் பிரித்ததும் இரண்டு காயிலும் கையில் தனித்தனியாக வந்தன.

இரண்டு பிக்கப்புக்கும் சீரிஸ்–பேரலல், ஆறு நிலைச் சுழல் சுவிட்ச், வால்யூமில் அந்த 102. கண்ட்ரோலின் முதுகில் எர்த் வைக்க அவர் கொண்டுவந்த 25 வாட் சால்டரிங் அயர்ன் போதவில்லை. ஈயம் உருண்டையாக நின்றது. என் 60 வாட்டில் மூன்று விநாடியில் பரவியது. சின்ன அயர்னை நீண்ட நேரம் அழுத்தினால் உள்ளிருக்கும் கார்பன் தடம் பொசுங்கும், அதைவிடப் பெரிய அயர்னைச் சட்டென்று வைத்து எடுப்பது நல்லது.

திறந்து மூடியதில் பாலத்தின் (பிரிட்ஜ்) பக்கமுள்ள பிக்கப் உரத்த ஒலியில் விசில் அடித்தது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, மெழுகை 65 டிகிரியில் உருக்கி, பிக்கப்பை அதில் முழுக்கினோம். குமிழ்கள் நிற்கும்வரை இருபது நிமிடம். நேரடித் தீயில் வைத்தால் காயில் சுற்றிய பிளாஸ்டிக் வளைந்துவிடும். விசில் நின்றது.

மே 5

தம்பி தொலைபேசினார். ராயக்கோட்டையில் முதல் கச்சேரி முடிந்ததாம். ஆறு நிலையில் முதல், மூன்றாம், நான்காம் நிலைகள் மட்டுமே கை போகிறதாம். எனக்கும் அப்படித்தான். 471ஐக் காது பிரித்தறியவில்லை, 472 மேடையில் மங்கிவிடுகிறது. புதிதாகச் செய்பவர் மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்றே வைத்து, ஒன்றுமில்லாமல் ஒரு நிலை, 102 ஒன்று, 222 ஒன்று என்று முடித்துக்கொள்ளலாம். எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏற வேண்டிய வேலையும் மிச்சம், பழைய ரேடியோப் பெட்டியிலேயே அந்தச் சுவிட்ச்சும் கிடைக்கும்.